பெண் கல்விக்காக அரசுகளிடம் பேசுவது யார்?

2021 ஜூன் மாதம் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையிலுள்ள கார்பிஸ் பே என்ற ஊரில் ஜி7 நாடுகளின் தலைவர்கள் கூடினார்கள். கூட்டத்தை நடத்திய பிரிட்டன், பெண் கல்வியை நிகழ்ச்சிநிரலின் முன்வரிசைக்குக் கொண்டுவந்திருந்தது. 2026-க்குள் வருவாய் குறைந்த நாடுகளில் இன்னும் 4 கோடிச் சிறுமிகளைப் பள்ளியில் சேர்ப்பது, பத்து வயதுக்குள் வாசிக்கத் தெரிந்த சிறுமிகளின் எண்ணிக்கையை மேலும் 2 கோடி உயர்த்துவது என்ற இரண்டு இலக்குகளை ஏழு நாடுகளும் ஏற்றன. அடுத்த மாதமே, ஜூலை 13 அன்று, வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைத்த முடிவுக்கு பிரிட்டன் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அதற்கு இரண்டு வாரம் கழித்து, கென்யாவோடு சேர்ந்து பிரிட்டன் லண்டனில் உலகக் கல்விக் கூட்டாண்மைக்கான நிதி மாநாட்டை நடத்தியது. திரட்ட நினைத்தது 500 கோடி டாலர். உறுதியானது ஏறத்தாழ 400 கோடி.

பெண் கல்விக்காக அரசுகளை அணுகிப் பேசும் பணியின் வெற்றியும் வரம்பும் இந்த இரண்டு மாதங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. இன்று இந்தப் பணி ஒரு தனித் துறை. மலாலா நிதியம், கேம்ஃபெட், பிளான் இன்டர்நேஷனல் போன்ற அமைப்புகளிலும் ஐ.நா. நிறுவனங்களிலும் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். உச்சி மாநாட்டு அறிக்கையில் ஒரு பத்தியைச் சேர்க்க வைப்பது, நிதி அமைச்சரைச் சந்திக்க நேரம் வாங்குவது, வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பு கல்வி அமைச்சகத்துக்குக் கணக்கு தயாரித்துக் கொடுப்பது, நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொல்வது எல்லாம் இவர்கள் வேலை. இந்தத் துறையின் முப்பத்தைந்து ஆண்டு அனுபவத்தைத் தொகுத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: தம் நாட்டில் ஒரு விதியையோ ஒரு நிதி ஒதுக்கீட்டையோ மாற்றப் போராடும் பெண்களுக்குத் துணையாகப் போய் நின்றபோதெல்லாம் இந்த உலகக் குரல் பலன் தந்திருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் இல்லாத இடத்தில், அல்லது அவர்களைக் கேட்காமல் பேசிய இடத்தில், பிரகடனம் மட்டுமே மிஞ்சியது.

பிரகடனங்களுக்குக் குறைவில்லை. 1990-இல் தாய்லாந்தின் ஜோம்தியன் நகரில் நடந்த அனைவருக்கும் கல்வி மாநாடு, சிறுமிகளும் பெண்களும் கல்வி பெறுவதை எல்லாவற்றிலும் அவசரமான முன்னுரிமை என்று அறிவித்தது. 1995-இல் பெய்ஜிங் மகளிர் மாநாடு அதை மீண்டும் சொன்னது. 2000-இல் செனகல் தலைநகர் டாக்காரில் கூடியவர்கள், 2005-க்குள் தொடக்க, இடைநிலைக் கல்வியில் ஆண் பெண் வேறுபாட்டை ஒழிப்பதாக வாக்குக் கொடுத்தார்கள். அந்த இலக்கு தவறிப்போனது. 2015-இல் புதிய இலக்குகள் 2030-ஐ நோக்கி வகுக்கப்பட்டன. இதற்கிடையில் நடந்ததைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. உலக அளவில் தொடக்கப் பள்ளிச் சேர்க்கையில் ஆண் பெண் இடைவெளி ஏறத்தாழ மறைந்துவிட்டது. பள்ளிக்கு வெளியே இருந்த 25 கோடிப் பிள்ளைகளில் சிறுமிகள் 12.2 கோடி என்றது 2023-இல் யுனெஸ்கோ. சிறுவர்கள் அதைவிடச் சற்றுக் கூடுதல். உலகச் சராசரியை வைத்துப் பெண் கல்வி பேசும் காலம் முடிந்துவிட்டது. சாட், நைஜர், தெற்குச் சூடான், ஆப்கானிஸ்தான் என்று நாட்டின் பெயரையும், இடைநிலைக் கல்வி என்று படிநிலையையும் சொல்லிப் பேச வேண்டியிருக்கிறது.

அப்படிப் பெயர் சொல்லிப் பேசத் தொடங்கியவர்கள் ஆப்பிரிக்கப் பெண்களே. 1992-இல் ஐந்து பெண் அமைச்சர்கள் சேர்ந்து ஆப்பிரிக்கப் பெண் கல்வியாளர் மன்றத்தைத் தொடங்கினார்கள்: ஜிம்பாப்வேயின் ஃபே சுங், கானாவின் விடா யெபோவா, செஷல்ஸின் சிமோன் டி கோமார்மோன், காபோனின் பாலெட் மிசாம்போ, புர்கினா ஃபாசோவின் அலிஸ் தியந்த்ரபெயோகோ. நைரோபியில் தலைமையகம், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் தொடக்க உதவி. அமைச்சரவையில் உட்கார்ந்து பழகியவர்கள் கட்டிய அமைப்பு என்பதுதான் இதன் தனிச் சிறப்பு. எந்தக் கோப்பு எந்த மேசையில் தேங்கும், செயலரைப் பார்ப்பதா அமைச்சரைப் பார்ப்பதா, நிதி அமைச்சகம் எந்த மாதத்தில் துறைவாரி உச்சவரம்பை முடிவு செய்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு வெளியாள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கருவுற்ற மாணவிகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் கொள்கையை நாடு நாடாகக் கொண்டுபோனதில் இந்த மன்றத்துக்குப் பெரிய பங்குண்டு. ஜாம்பியா 1997-இலேயே அந்தக் கொள்கையை ஏற்றது. உலக ஊடகங்களில் இந்த அமைப்பின் பெயர் அரிதாகவே வருகிறது என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

மறுசேர்க்கைக் கொள்கை என்பது காகிதத்தில் சிறியது. வாழ்க்கையில் மிகப் பெரியது. தான்சானியாவில் நடந்ததைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். ஏனென்றால் உள்நாட்டுப் போராட்டம், உலக வங்கியின் பணம், நீதிமன்றம், அரசியல் மாற்றம் எல்லாம் அங்கே ஒன்றோடொன்று பின்னின. 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி 'ஒழுக்கக் கேடு' செய்த மாணவியைப் பள்ளியிலிருந்து நீக்கலாம். இந்தச் சொல்லுக்குள் கருவுற்ற சிறுமிகள் எல்லோரும் அடக்கப்பட்டார்கள். பல பள்ளிகளில் கட்டாயக் கர்ப்பப் பரிசோதனை நடந்தது. 2017 ஜூனில் அப்போதைய அதிபர் ஜான் மகுஃபுலி, தாம் பதவியில் இருக்கும்வரை கருவுற்ற எந்தப் பெண்ணும் பள்ளிக்குத் திரும்ப முடியாது என்று பொதுக்கூட்டத்திலேயே அறிவித்தார். உலக வங்கியின் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,500 மாணவிகள் இதனால் படிப்பை இழந்தார்கள்.

2018 நவம்பரில் உலக வங்கி, இடைநிலைக் கல்விக்காகத் தருவதாக இருந்த 30 கோடி டாலர் கடனை நிறுத்தி வைத்தது. உலகளாவிய அழுத்தம் என்று நாம் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனாலும் விதி மாறவில்லை. கடன் வேறு வடிவத்தில் திரும்ப வந்தது. 2020 ஜனவரியில் அது வங்கியின் இயக்குநர் குழு முன்பு வரவிருந்தபோது, எதிர்க்கட்சி ஒன்றின் தலைவர் ஜிட்டோ கப்வே ஒப்புதல் தர வேண்டாம் என்று வங்கிக்குக் கடிதம் எழுதினார். உள்நாட்டு, வெளிநாட்டு உரிமை அமைப்புகளும் குரல் கொடுத்தன. முடிவு தள்ளிப்போனது. கப்வேக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. துரோகி என்று நாடாளுமன்றத்தில் ஏசினார்கள். 2020 மார்ச் 31 அன்று, உலகம் முழுவதும் கொரோனாவில் மூழ்கியிருந்த வாரத்தில், வங்கி 50 கோடி டாலருக்கு ஒப்புதல் கொடுத்தது. கருவுற்ற மாணவிகளுக்கு வழக்கமான பள்ளிக்கு வெளியே மாற்றுப் படிப்பு வழிகள் இருக்கும் என்பதே வங்கி சொன்ன சமாதானம்.

அந்த முடிவு தவறு என்று நினைக்கிறேன். இடைநிலைப் பள்ளிகளுக்குப் பணம் தேவைப்பட்டது உண்மை. அதை மறுத்தால் லட்சக்கணக்கான மற்ற மாணவிகள் பாதிக்கப்படுவார்கள் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் விலக்கி வைத்த சிறுமிகளுக்குத் தனி வரிசை போட்டுக் கொடுப்பது, விலக்கலுக்கே நிதி தருவதாகிவிடும். இதைத்தான் அந்நாட்டுப் பெண்கள் சொன்னார்கள். அவர்கள் வழக்கையும் கைவிடவில்லை. குழந்தைகள் உரிமைக்கான ஆப்பிரிக்க வல்லுநர் குழுவிடம் சட்ட மற்றும் மனித உரிமை மையம் முறையிட்டிருந்தது. 2021 மார்ச்சில் மகுஃபுலி இறந்தார். சாமியா சுலுஹு ஹசன் அதிபரானார். அந்த ஆண்டு நவம்பர் 24 அன்று கல்வி அமைச்சர் ஜாய்ஸ் என்டலிச்சாகோ, குழந்தை பெற்ற மாணவிகள் அரசுப் பள்ளிக்குத் திரும்பலாம் என்று அறிவித்தார். 2022-இல் வல்லுநர் குழுவின் தீர்ப்பும் மாணவிகள் பக்கமே வந்தது.

இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது எது? அதிபர் மாறியதுதான் உடனடிக் காரணம் என்று சிலர் முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மை. புதிய அதிபர் வந்தபோது கையில் எடுக்கத் தயாராக ஒரு கோரிக்கை இருந்தது. நான்கு ஆண்டுகளாக அது பத்திரிகையிலும் நீதிமன்றத்திலும் வாஷிங்டனிலும் உயிரோடு வைக்கப்பட்டிருந்தது. வங்கியின் பணம் நிற்கும்போது பேச்சு எழுந்தது, பணம் வந்ததும் வங்கியின் பேச்சு தணிந்தது. தான்சானியப் பெண்களின் பேச்சு தணியவில்லை. சுற்றறிக்கையில் வந்த உரிமையைச் சட்டமாக்கும் வேலையும் அவர்களையே சேரும்.

சியரா லியோனில் அதே கேள்விக்கு நீதிமன்றம் முதலில் பதில் சொன்னது. எபோலா பரவலுக்குப் பின் 2015-இல் பள்ளிகள் திறந்தபோது, கருவுற்ற சிறுமிகள் வகுப்புக்கு வரக்கூடாது என்று அரசு தடை போட்டது. அவர்களுக்கென்று தனி மையங்கள்: வாரத்தில் மூன்று நாள், நான்கே பாடங்கள். உள்ளூர்ப் பெண்கள் அமைப்பு ஒன்று, பன்னாட்டுச் சட்ட அமைப்புகளின் துணையோடு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் சமூக நீதிமன்றத்துக்குப் போனது. 2019 டிசம்பர் 12 அன்று, தடையும் பாகுபாடு, தனி மையங்களும் பாகுபாடு என்று அபுஜாவில் தீர்ப்பு வந்தது. 2020 மார்ச் இறுதியில் தடை நீங்கியது. கல்வி அமைச்சர் டேவிட் செங்கே அதற்கு மேலும் சென்று, யாரையும் விலக்காத பள்ளிக் கொள்கையை 2021-இல் கொண்டுவந்தார். 2024 ஜூலையில் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் கையெழுத்தானது. தான்சானியாவுக்காக உலக வங்கி ஒப்புக்கொண்ட 'மாற்று வழி' போன்ற ஏற்பாடு பாகுபாடுதான் என்று, அந்த ஒப்புதலுக்கு மூன்றரை மாதம் முன்பே ஆப்பிரிக்க நீதிபதிகள் சொல்லியிருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நிதி அமைச்சர்களிடம் பேச இன்னொரு மொழி உண்டு: வருமானக் கணக்கு. 1992-இல் உலக வங்கியின் தலைமைப் பொருளாதார அறிஞர் லாரன்ஸ் சம்மர்ஸ் இஸ்லாமாபாத்தில் ஆற்றிய உரையில், வளரும் நாடுகளில் கிடைக்கக்கூடிய முதலீடுகளிலேயே அதிகப் பலன் தருவது பெண் கல்வியாக இருக்கலாம் என்று வாதிட்டார். அதன்பின் இந்த வாதம் எல்லா மேடைகளிலும் ஏறியது. சிறுமிகள் 12 ஆண்டுப் படிப்பை முடிக்காததால் உலகம் இழக்கும் வாழ்நாள் வருமானம் 15 முதல் 30 லட்சம் கோடி டாலர் என்று 2018-இல் உலக வங்கி கணக்கிட்டது. இந்த எண்களால் கதவுகள் திறந்திருக்கின்றன. ஆனால் இவற்றை மட்டுமே நம்பினால் ஆபத்து. படித்த பெண்ணுக்கு வேலை தராத பொருளாதாரத்தில் கணக்கு பொய்த்துப்போகும். அப்போது படிப்பே வீண் என்ற முடிவுக்கு வர ஆட்கள் தயாராக இருப்பார்கள். ஒரு சிறுமியை அவள் ஈட்டப்போகும் வருமானத்துக்காக மட்டும் பள்ளியில் சேர்க்கச் சொல்வது, ஈட்ட முடியாத மாற்றுத்திறனாளிச் சிறுமியைக் கைவிடுவதற்கு வாசலைத் திறந்து வைப்பதும் ஆகும். உரிமை என்ற சொல்லை விட்டுக்கொடுக்காமல் வருமானத்தைப் பேச வேண்டும்.

இன்னொரு நேர்மையும் இந்தத் துறைக்குத் தேவை. எது உண்மையில் சிறுமிகளைப் பள்ளியில் வைத்திருக்கிறது என்பதில் ஆய்வுகள் சில நம்பிக்கைகளைக் கலைத்திருக்கின்றன. மாதவிடாய்தான் பெண்களைப் பள்ளியிலிருந்து விரட்டுகிறது என்ற பேச்சு உலகெங்கும் நிதி திரட்டப் பயன்பட்டது. நேபாளத்தில் எமிலி ஆஸ்டரும் ரெபெக்கா தார்ன்டனும் நடத்திய ஆய்வில், அதனால் இழக்கும் நாள் ஆண்டுக்கு அரை நாளைவிடக் குறைவு என்று தெரிந்தது. மாதவிடாய்க் கோப்பை கொடுத்தும் வருகை உயரவில்லை. கழிப்பறையும் நாப்கினும் கண்ணியத்துக்காக அவசியம். அதற்கு வருகைப் புள்ளிவிவரத்தைத் துணைக்கு அழைக்க வேண்டிய அவசியமே இல்லை. டேவிட் எவன்ஸ், ஃபெய் யுவான் இருவரும் 54 நாடுகளின் ஏறத்தாழ 270 திட்டங்களை ஒப்பிட்டுச் சொன்னது இன்னும் முக்கியம்: சிறுமிகளின் கற்றலை உயர்த்துவதில், அவர்களுக்கென்றே தீட்டிய திட்டங்களைப் போலவே எல்லாப் பிள்ளைகளுக்குமான நல்ல திட்டங்களும் பலன் தந்திருக்கின்றன. அதாவது நல்ல ஆசிரியர், வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளி, கட்டணமில்லாப் படிப்பு. 'பெண்களுக்கான திட்டம்' என்ற பெயர்ப் பலகை இல்லாத நிதிக்காகவும் பெண் கல்வி இயக்கம் வாதாட வேண்டும் என்று இதிலிருந்து புரிந்துகொள்கிறேன்.

தனித் திட்டம் தேவைப்படுவது பதின்ம வயதில், திருமணப் பேச்சு எழும் இடத்தில். வங்கதேசம் 1982-இல் ஒரு வட்டாரத்தில் சோதனையாகத் தொடங்கி, 1994-இல் நாட்டுப்புறமெங்கும் இடைநிலை மாணவிகளுக்கு உதவித்தொகை கொடுத்தது. 75 விழுக்காடு வருகை, 45 விழுக்காடு மதிப்பெண், படிப்பு முடியும்வரை திருமணம் கூடாது என்பவை நிபந்தனைகள். உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, நார்வே ஆகியவை பணம் தந்தன. திட்டத்தை நடத்தியது அரசு. 1991-இல் 11 லட்சமாக இருந்த மாணவிகள் 2005-இல் 39 லட்சம் ஆனார்கள். அப்படியும் அங்கே ஏறத்தாழ பாதிப் பெண்களுக்கு 18 வயதுக்கு முன்பே திருமணம் நடந்துவிடுகிறது. உதவித்தொகை திருமணத்தைத் தள்ளிப்போடும். வரதட்சணையையும் பயத்தையும் அதனால் ஒழிக்க முடியவில்லை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்த இடம் பழகியதாக இருக்கும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் வந்த திருமண உதவித் திட்டம், எட்டாம் வகுப்புவரை படித்த பெண்ணுக்குத்தான் உதவி என்று படிப்பைத் திருமணத்தோடு கட்டியது. 2022-இல் அந்தத் திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். திருமண மண்டபத்தை நோக்கிப் போன அரசுப் பணம் கல்லூரியை நோக்கித் திரும்பியதை, எந்த உலக மாநாடும் கேட்காமல், ஒரு மாநில அரசு தன் சொந்த நிதியில் செய்தது.

மலாலா யூசஃப்சையைப் பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பை எழுத முடியாது. 2012 அக்டோபர் 9 அன்று அவர் சுடப்பட்டார். 2013 ஜூலை 12 அன்று, தம் பதினாறாவது பிறந்த நாளில், ஐ.நா.வில் பேசினார். 2014-இல் கைலாஷ் சத்யார்த்தியோடு நோபல் அமைதிப் பரிசு பெற்றார். 2015-இல் ஒஸ்லோவில், 12 ஆண்டு இலவசக் கல்விக்குத் தேவையான கூடுதல் தொகை ஆண்டுக்கு 3,900 கோடி டாலர், அது உலக ராணுவச் செலவில் எட்டே நாள் என்று தலைவர்களிடம் சொன்னார். தொடக்கக் கல்வியோடு நின்றிருந்த உலக இலக்கை 12 ஆண்டுகளுக்கு நீட்டியதில் அந்தக் குரலுக்குப் பங்குண்டு. ஆனால் அவருடைய நாட்டைப் பாருங்கள். 5 முதல் 16 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி என்பது 2010-இலேயே பாகிஸ்தான் அரசியலமைப்பில் ஏறிவிட்டது. மாகாணச் சட்டம் சிந்துவில் 2013-இல் வந்தது, பஞ்சாபில் 2014-இல். மலாலாவின் சொந்த மாகாணமான கைபர் பக்துன்க்வாவில் 2017-இல்தான். 2024-இல் பிரதமர் கல்வி அவசரநிலை அறிவித்தபோதும் 2.6 கோடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள். உலகப் புகழ் தொடக்கூடிய உயரம் ஒன்று. மாவட்டக் கல்வி அலுவலகம் வேறு. மலாலா நிதியமும் இதை உணர்ந்துதான் 2017 முதல் பாகிஸ்தான், நைஜீரியா போன்ற நாடுகளின் உள்ளூர்ச் செயற்பாட்டாளர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கியது. அந்த அமைப்பின் மிக நல்ல வேலை இதுதான் என்பது என் மதிப்பீடு.

இப்போது பணமே வற்றுகிறது. 2025 ஜூலை 1 அன்று அமெரிக்காவின் யுஎஸ்எய்ட் நிறுவனம் மூடப்பட்டது. பிரிட்டன் தன் உதவியை 2027-க்குள் 0.3 விழுக்காடாக்கப் போகிறது. கல்விக்கான உலக உதவி 2026-க்குள் 320 கோடி டாலர் குறையும், அதனால் மேலும் 60 லட்சம் பிள்ளைகள் பள்ளியை இழக்கலாம் என்று யுனிசெஃப் கணித்திருக்கிறது. வெளியே அதிகம் பேசப்படாத இழப்பு ஒன்றும் உண்டு. அமெரிக்கப் பணத்தில் நாற்பது ஆண்டுகளாக நடந்துவந்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புகள் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டன. எந்த வயதில் திருமணம், எத்தனை ஆண்டுப் படிப்பு என்று ஏழை நாடுகளின் பெண்களைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி அவற்றிலிருந்து வந்தது. அமைச்சரின் மேசையில் வைக்க எண் இல்லாவிட்டால் கோரிக்கை பாதி பலம் இழக்கும்.

கைகொடுக்க வேண்டியது சொந்த நாட்டு வரிப்பணம். 2015-இல் தென் கொரியாவின் இன்சியன் நகரில் கல்விக்கென நாடுகள் ஒப்புக்கொண்ட அளவு, மொத்த அரசுச் செலவில் 15 முதல் 20 விழுக்காடு. ஆனால் உலகில் 340 கோடி மக்கள், கல்விக்கோ சுகாதாரத்துக்கோ செலவிடுவதைவிடக் கடன் வட்டிக்கு அதிகம் கட்டும் நாடுகளில் வாழ்கிறார்கள் என்கிறது ஐ.நா. வர்த்தக அமைப்பு. ஆகவே பெண் கல்விக்காகப் பேசுபவர்கள் இனிக் கல்வி மாநாடுகளில் இருந்தால் போதாது; கடன் சீரமைப்புப் பேச்சு நடக்கும் அறைக்குள் போக வேண்டும். வரி ஏய்ப்பைப் பற்றியும் வட்டி விகிதத்தைப் பற்றியும் பேசக் கற்ற ஆப்பிரிக்க, ஆசியப் பெண்களை அங்கே அனுப்ப வேண்டும்.

அரசோடு பேசவே முடியாத இடம் ஒன்று உண்டு. ஆப்கானிஸ்தானில் 2021 செப்டம்பர் முதல் ஆறாம் வகுப்புக்கு மேல் சிறுமிகளுக்குப் பள்ளி இல்லை. 2022 மார்ச் 23 அன்று பள்ளி திறக்கும் என்று சொல்லி, வகுப்புக்கு வந்த மாணவிகளை அன்றே திருப்பி அனுப்பினார்கள். உலக வங்கி 60 கோடி டாலர் திட்டங்களை நிறுத்தியது, தாலிபான் அசையவில்லை. அந்த டிசம்பரில் பல்கலைக்கழகமும், 2024 டிசம்பரில் மருத்துவச்சி, செவிலியர் படிப்பும் மூடப்பட்டன. 2025 ஜூலையில் ரஷ்யா அந்த ஆட்சியை அங்கீகரித்தது. அதே மாதம் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம், பெண்கள் மீதான ஒடுக்குமுறைக்காகத் தாலிபான் தலைவர் ஹிபதுல்லா அகுந்த்ஸாதா மீதும் தலைமை நீதிபதி மீதும் கைது ஆணை பிறப்பித்தது.

நாட்டைவிட்டு வெளியேறிய ஆப்கன் பெண் வழக்கறிஞர்களும் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இப்போது வேறொரு அரசுப் பேச்சில் இறங்கியிருக்கிறார்கள். மானுடத்துக்கு எதிரான குற்றங்கள் குறித்த புதிய ஐ.நா. உடன்படிக்கையை 2028, 2029 ஆண்டுகளில் நாடுகள் கூடி இறுதி செய்யவுள்ளன. இன ஒதுக்கலைப் போலவே பாலின ஒதுக்கலையும் அதில் குற்றமாக எழுத வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஒவ்வொரு நாட்டின் வெளியுறவு அமைச்சகத்திலும் அதற்கான நிலைப்பாடு இனிமேல்தான் எழுதப்படும். இந்தியா 2025 அக்டோபரில் தாலிபானின் வெளியுறவு அமைச்சரை டெல்லியில் வரவேற்று, காபூலில் தன் அலுவலகத்தைத் தூதரகமாக உயர்த்தியது. அவருடைய முதல் செய்தியாளர் சந்திப்பில் பெண் செய்தியாளர்கள் இல்லை. எதிர்ப்பு எழுந்தபின் நடந்த இரண்டாவது சந்திப்பில் இருந்தார்கள். அந்த உடன்படிக்கைப் பேச்சில் இந்தியா எந்தப் பக்கம் நிற்கப்போகிறது, ஆப்கன் மாணவிகளுக்கு நம் பல்கலைக்கழகங்களில் எத்தனை இடமும் விசாவும் தரப்போகிறது என்ற இரண்டு கேள்விகளை நாடாளுமன்றத்தில் எழுப்பும்படி நம் தொகுதி உறுப்பினர்களிடம் இப்போதே கேட்கலாம்.